கியோ முற்றுகை இழுவையா? தானியக் கணக்கைப் போட்டுவிட்டுப் பேசலாம்

பெங்களூரில் 'கிங்டம்' மாங்கா (ஜப்பானியப் படக்கதை) படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு பேர் கப்பன் பார்க்கிலோ பர்ப்பிள் லைன் மெட்ரோவிலோ சேர்ந்தால், பேச்சு சுற்றிச் சுற்றிக் கியோவுக்குத்தான் வரும், அதாவது சின் படை ஜாவோ நாட்டின் கியோ நகரை முற்றுகையிடும் பகுதிக்கு. "ஒரு ஊரைப் பிடிக்க நூறு சாப்டருக்கு மேலயா மச்சா?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "அதுதான்டா இருக்கறதுலயே பெஸ்ட் ஆர்க்" என்பார் மற்றவர் (ஆர்க் என்றால் தொடர்கதையின் ஒரு பெரிய பகுதி). இரண்டு பேரும் பெரும்பாலும் சண்டைக் காட்சிகளை வைத்துத்தான் வாதாடுகிறார்கள். கியோவை அளக்க வேண்டிய கோல் அது இல்லை, சோறு. (வரலாறும் கதையும் கலந்து வரும். ஸ்பாய்லர் வேண்டாதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம்.)

யசுஹிசா ஹாரா 2006-ல் இருந்து வீக்லி யங் ஜம்ப் இதழில் வரைந்துவரும் தொடர் இது. அவருக்கு மூலமாகக் கிடைப்பது பழஞ்சீன வரலாற்றாசிரியர் சீமா சியானின் வரலாறு. அதில் கி.மு. 236-க்கான செய்தி சில வரிகள்தான்: சின் தளபதிகள் வாங் ஜியான், ஹுவான் யி, யாங் துவான்ஹே மூவரும் ஜாவோவின் யே நகரைத் தாக்கினார்கள், ஒன்பது ஊர்களைப் பிடித்தார்கள். வாங் ஜியான் 18 நாள் தலைமை ஏற்றார், சிறு சம்பளக்காரர்களை வீட்டுக்கு அனுப்பினார், பத்துக்கு இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டார். மாங்காவில் இந்த மூவர்தான் ஓசென், கான்கி, யோதன்வா. யே நகரம்தான் கியோ. பத்தில் எட்டுப் பேரை ஒரு தளபதி எதற்குத் திருப்பி அனுப்புவான்? தரம் பிரிக்க என்று சொல்லலாம். வாய்களைக் குறைக்க என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவது காரணம்தான் பெரிதாகப் படுகிறது.

கணக்கைப் போடுவோம். 1975-ல் ஷுய்ஹுதி கல்லறையில் கிடைத்த சின் நாட்டு மூங்கில் சுவடிகளில், அரசுக்கு உழைக்கிற ஆணுக்கு மாதம் 2 ஷி தானியம் என்று இருக்கிறது. 1 ஷி ஏறக்குறைய 20 லிட்டர். அப்படியென்றால் உமி நீக்காத தினை ஒரு நாளைக்கு ஒன்றேகால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல், எடையில் சுமார் ஒரு கிலோ. ஓசெனின் படை 2 லட்சம் பேர். ஒரு நாளைக்கு 200 டன். ஹான் காலத்துக் கணக்குகளில் ஒரு வண்டிப் பாரம் 25 ஷி, அதாவது சுமார் 350 கிலோ. ஆக, தினமும் 570 வண்டி முகாமுக்கு வந்து இறக்கியாக வேண்டும். மாட்டு வண்டி நல்ல பாதையில் நாளுக்கு 15, 20 கிலோமீட்டர் போகும். கிடங்கு ஐந்து நாள் தூரத்தில் இருந்தால் போகவர பத்து நாள், எந்த நேரத்திலும் 5,700 வண்டிகள் சாலையில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டிக்காரனும் மாடும் தின்பதைச் சேர்க்கவில்லை. குதிரைத் தீவனத்தையும் சேர்க்கவில்லை.

இப்போது கியோவுக்குப் போகும் வழியில் இருக்கிற ரெத்சுபி கோட்டையைப் பாருங்கள். ஜாவோ தளபதி ரிபோகு அந்தக் கோட்டையை வேண்டுமென்றே பலவீனமாகக் கட்டி வைத்திருக்கிறான். எதிரி சுலபமாகப் பிடித்து உள்ளே போகட்டும், பின்னால் அதை மீட்டு வழியை அடைத்துவிடலாம் என்பது திட்டம். அதாவது அந்த 5,700 வண்டியும் ஒரே அடியில் நின்றுபோகும். ஓசென் அதைப் பார்த்துவிட்டுக் கோட்டையைக் காக்கிற யோசனையையே கைவிடுகிறான். கையில் இருக்கிற உணவோடு மொத்தப் படையையும் உள்ளே நடத்திக்கொண்டு போகிறான். சுற்றியுள்ள சின்ன ஊர்களை அடித்து, மக்களைக் கொல்லாமல் கியோவை நோக்கி விரட்டுகிறான். நகரத் தலைவன் இரக்கப்பட்டுக் கதவைத் திறக்கிறான். அந்த நொடியில் கியோவின் தானியக் களஞ்சியம் பாதியானதற்குச் சமம். அகதிகளோடு ஓசெனின் ஆட்களும் உள்ளே நுழைந்து, பிறகு கிடங்குக்குத் தீ வைப்பது கூடுதல் அடி.

ரெத்சுபி வழி அடைபட்டதும் இரண்டு பக்கமும் பட்டினிக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. உள்ளே கியோ, வெளியே சின் படை, யாருடைய உணவு முதலில் தீரும்? இரு படைகளும் மோதும் ஷுகாய் சமவெளியில் ஓசென் செய்ய வேண்டிய காரியம் ரிபோகுவைக் கியோ பக்கம் போகவிடாமல் பிடித்து வைப்பதுதான், அழிப்பது அடுத்த பட்சம். அங்கே 'ஒன்றுமே நடக்காத' நாட்கள் என்று பலர் தள்ளிவிடும் பக்கங்கள் எல்லாமே சின் பக்கத்துக்கு லாபமும் நஷ்டமும் சேர்ந்த நாட்கள். வலது அணியில் சோற்றுப் பங்கு சுருங்கிக்கொண்டே வருவதை ஹாரா காட்டுகிற இடங்களில் ஒரு அம்புகூடப் பறக்காது. எனக்கு அந்த ஆர்க்கிலேயே விறுவிறுப்பான பக்கங்கள் அவைதான்.

முற்றுகைப் பட்டினி நமக்குப் புதிய பொருள் இல்லை. ஆவூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி அடைந்து கிடந்தபோது கோவூர்கிழார் பாடியது புறநானூற்றில் 44-ஆம் பாட்டு. கவளம் கிடைக்காத யானை, பாலில்லாமல் அலறும் குழந்தை, பூவில்லாத கூந்தல் என்று கோட்டைக்குள்ளே இருப்பதைத்தான் அவர் வரிசையாகக் காட்டுகிறார். பிறகு கதவைத் திற, இல்லை வெளியே வந்து போரிடு என்கிறார். வாள் வீச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமலே நெஞ்சு பதறும்.

பெங்களூர்க்காரர்களுக்கு இன்னும் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. கே.ஆர். மார்க்கெட் அருகே கோட்டையின் டெல்லி கேட் பக்கம், 1791 மார்ச் 21-ல் ஆங்கிலேயர் மதிலை உடைத்து நுழைந்த இடத்தில் கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். அந்தப் படையை நடத்திய கார்ன்வாலிஸ் மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே அரக்கெரேயில் திப்புவை வென்றும் திரும்பிப் போனான். மாடுகள் செத்து விழுந்தன, தானியம் இல்லை. மதில் உடைக்கக் கொண்டுவந்த பெரிய பீரங்கிகளைத் தானே அழித்துவிட்டுப் பின்வாங்கினான். 1792-ல் மறுபடி வந்தபோது லம்பாடி வணிகர்களின் மாட்டுக் கூட்டங்கள் தானியம் சுமந்து பின்னால் வந்தன. ஜெயித்த சண்டையை வண்டி மாடு தோற்கடிக்கும் என்பதை நம்ப மறுப்பவர்கள் ஒருமுறை அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாம்.

இழுவை என்று சொல்பவர்கள் முழுக்கத் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். கடிகாரம் கண்ணில் படாமல் போகும் இடங்களில் கதை உண்மையிலேயே தள்ளாடுகிறது. ஜாவோ தளபதிகள் கியோவுன், சோகாரியு இருவரின் முன்கதை தனியாகப் படித்தால் அருமை. அது போர் உச்சத்தில் இருக்கும்போது நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஜாவோ பக்கத்து வீரன் ஹோகெனோடு நடக்கிற சண்டையும் அப்படித்தான். கதாநாயகன் ஷின் விழுந்து, மீண்டு எழும் வரைக்கும் கியோவில் எத்தனை நாள் தானியம் பாக்கி என்பது யாருக்கும் நினைவிருக்காது. இதே தொடரில் முன்னால் வரும் சாய் என்ற சின் நகரத்தின் போரில் இந்தக் கோளாறு இல்லை. கி.மு. 241-ல் சின்னுக்கு எதிரான நாடுகளின் கூட்டுப்படை அதைத் தாக்கிப் பிடிக்க முடியாமல் போனது என்ற ஒரே வரியை எடுத்து, பொதுமக்களின் உடல் எத்தனை நாள் தாங்கும் என்பதையே கடிகாரமாக வைத்தார் ஹாரா. ஒவ்வொரு விடியலிலும் மதில் மேல் ஆள் குறைந்திருக்கும். எண்ணவே தேவையில்லை, பார்த்தாலே தெரியும்.

வாரப் பத்திரிகை செய்யும் கெடுதலும் உண்டு. ஒரு போர் நாளுக்குப் பத்து அத்தியாயம் என்றால், இடைவெளி வாரங்களையும் சேர்த்து இரண்டரை, மூன்று மாதம். தொகுப்பாக எடுத்தால் அதே நாள் ஒரு மாலையில் முடிந்துவிடும். வாதாடுவதற்கு முன் ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: அத்தியாய எண், கதையில் எத்தனையாவது நாள், யார் எங்கே நிற்கிறார்கள், சோறு அல்லது ஆள் கணக்கு சொல்லப்பட்டதா. நான்காவது கட்டம் தொடர்ந்து ஆறேழு அத்தியாயம் காலியாக இருந்தால் அங்கே இழுவை என்று தைரியமாகச் சொல்லலாம். அணிகளின் ஆள் எண்ணிக்கை அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒட்டாமல் போவதையும், குதிரைப்படை ஒரே இரவில் நம்ப முடியாத தூரம் கடப்பதையும் தாளின் ஓரத்தில் குறித்து வையுங்கள். வியூகத்தைப் பற்றிய சண்டைகளில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

பெரிய சோதனை இனிமேல்தான். சூ நாட்டை வெல்ல 2 லட்சம் பேர் போதும் என்று சொல்லிப் போய், தோற்றுத் திரும்பியவன் லீ சின், அதாவது நம் ஷின். 6 லட்சம் கேட்டு வாங்கிக்கொண்டு போன வாங் ஜியான், அரண் கட்டி உள்ளே உட்கார்ந்துகொண்டான். எதிரி வந்து எத்தனை தடவை அழைத்தும் வெளியே வரவில்லை. வீரர்களைக் குளிக்கச் சொன்னான், நல்ல சாப்பாடு போட்டான், கல்லெறிந்தும் தாண்டிக் குதித்தும் அவர்கள் விளையாடுகிறார்கள் என்று கேட்டபோதுதான் படை தயார் என்றான். மேலே போட்ட கணக்குப்படி அது நாளைக்கு 600 டன், 1,700 வண்டி. ஹாரா அந்தக் காத்திருப்பை எத்தனை அத்தியாயம் வரைவார், அதில் எத்தனையில் வண்டிகள் வரும் என்பதுதான் அடுத்து நாம் அடித்துக்கொள்ளப்போகும் விஷயம்.