என் எழுத்து என் கையில்

கட்டுரை எழுதப் பயன்படுத்திய மென்பொருளின் சந்தா முடிந்த மறுநாள், நானே எழுதிய கட்டுரையில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியவில்லை. படிக்கலாம், அவ்வளவுதான். மனம் கொதித்துப்போனது. அன்றே லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளுக்கு மாறினேன்.

பழைய கோப்புகளில் சில அட்டவணைகள் கோணலாயின, உண்மைதான். ஒரு மாலை உட்கார்ந்து சரிசெய்தேன். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு: லிப்ரே ஆபீஸ் ஆவணங்களைச் சேமிக்கும் ஓடிடி (.odt) கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம், அதாவது பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியது. பிரித்துப் பார்த்தால், உள்ளிருக்கும் எக்ஸ்எம்எல் என்ற சாதாரண உரைக் கோப்பில் நான் எழுதிய வரிகள் அப்படியே கண்ணுக்குத் தெரிகின்றன! 2006இல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் தரமாக வெளியான வடிவம் இது. எந்த நிறுவனம் கடையைக் கட்டினாலும் வேறொரு மென்பொருள் இதைத் திறக்கும்.

படங்களைத் திருத்தக் கிம்ப், காணொளிக்கு விஎல்சி. பணமும் மிச்சம்தான். அதில் ஒரு பங்கை இவற்றை உருவாக்குகிறவர்களுக்கு நன்கொடையாக அனுப்பத் தொடங்கியிருக்கிறேன்.