தனுஷ்கோடிக்கு ஒரு பகல்: முதலில் மீனைச் சொல்லிவிடுங்கள்

தனுஷ்கோடிக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் நேராக நிலம் முடியும் அரிச்சல்முனைக்கு வண்டியை விட்டு, நாலு படம் எடுத்துவிட்டு, திரும்பும் வழியில் பசியோடு ஏதோ ஒரு கொட்டகையில் உட்காருகிறார்கள். இடிந்த ஊருக்குப் பத்து நிமிஷம்கூடக் கிடைப்பதில்லை. மீனும் காலையிலிருந்து மசாலாவில் ஊறி வெயிலில் காய்ந்ததாகத்தான் வரும். வரிசையை மாற்றிக்கொண்டால் இரண்டுமே நன்றாக அமையும்: முதலில் கொட்டகையில் மீனைச் சொல்வது, பிறகு இடிபாடு, அப்புறம் முனை, கடைசியில் சாப்பாடு.

ராமநாதபுரத்திலிருந்து முனை வரை சுமார் 75 கி.மீ. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குள் பழைய ஊரில் நிற்கலாம். ராமேஸ்வரம் தாண்டினால் பெட்ரோல் பங்க் கிடையாது. டேங்கையும் தண்ணீர்க் கேனையும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் போகவே வேண்டாம், நீராட வரும் கூட்டத்தில் வண்டி நகராது. மாதம் பார்த்தால் ஜனவரி முதல் மார்ச் வரை உத்தமம். கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரைகளும் அப்போதுதான் நிற்கும்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து முனை வரையிலான ஒன்பதரை கி.மீ. தார்ச்சாலை 2017இல்தான் திறந்தது. அதற்கு முன் மணலில் வேன்தான். இப்போதும் மணல் விடுவதில்லை. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சாலை மேலேயே மேடு கட்டும். ஓரத்தில் நிறுத்தும்போது நாலு சக்கரமும் தாரில் இருக்கட்டும். புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்கக் கூடாது. மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டும். டயர் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கி, முன்னால் இருக்கும் மணலைக் கையால் அள்ளிவிட்டு, கால்மிதியைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, இரண்டாம் கியரில் மெல்ல எடுங்கள். திரும்பக் காற்றடிக்கக் கால்பம்பு ஒன்று டிக்கியில் கிடக்கட்டும்.

கொட்டகையில் கேட்கவேண்டியது ஒரே கேள்வி. "யக்கா, இது எப்ப வந்த மீனு?" நல்ல கடையாக இருந்தால், "காலைல கரைவலைல பட்டது தம்பி, செவுளத் தூக்கிப் பாரு" என்று பதில் வரும். தூக்கிப் பார்க்கத் தயங்காதீர்கள். செவுள் ரத்தச் சிவப்பாக இருக்கவேண்டும், பழுப்பு ஆகாது. கண் புடைத்திருக்கவேண்டும். விரலால் அமுக்கினால் குழி உடனே எழும்பவேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை. அப்போதும் நாட்டுப்படகு மீனும் கரைவலை மீனும் வரும், விலைதான் ஏறியிருக்கும். துண்டுக்கு எவ்வளவு, கிலோவுக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொண்டால் கடைசியில் மனக்கசப்பு இராது.

ஆறு பேருக்கு இரண்டு கிலோ முழுமீன் போதும். வெட்டிக் கழுவினால் ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். பொரிக்க ஊளி, பாறை, குழம்புக்கு விளைமீன். பதினொன்றரைக்கு வருகிறோம், பொரிக்க அரைமணிக்கு முன்னால் மசாலா தடவினால் போதும் என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு கிலோவுக்கு மூன்று மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி மஞ்சள், பத்துப் பல் பூண்டும் ஒரு கரண்டி சோம்பும் அரைத்தது, ஒரு எலுமிச்சை, உப்பு. அரிசிமாவு சேர்த்தால் மொறுமொறுப்பு வரும்தான், ஆனால் உதிர்ந்து எண்ணெயில் கருகி அடுத்த ஈட்டையே கசக்க வைக்கும்.

இனி இடிபாடு. 1914இல் பாம்பன் பாலம் வந்தபின் சென்னை எழும்பூரில் ஏறியவர் போட் மெயில் ரயிலில் இங்கே வந்து இறங்கி, கப்பல் மாறித் தலைமன்னார் போய், அங்கிருந்து ரயிலில் கொழும்பு சேர்ந்தார். மொத்தப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரும், நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த பாம்பன் பாசஞ்சர் ரயிலும் போயின. ரயிலில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு, இடிந்து நிற்கும் தேவாலயத்துக்குள் நுழையுங்கள்.

சுவரைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் அது செங்கல் அல்ல, பவளக்கல். சில கல்லில் தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்னக் கண்கள், சிலதில் மூளை மடிப்பு மாதிரி நெளிவு. இடையில் சுண்ணாம்புக் காரை. ஈரக்காற்றோடு உப்பு உள்ளே இறங்கும், வெயிலில் படிகமாகிப் பருக்கும், காரையை மாவாக்கும். காற்று அந்த மாவை ஊதிக்கொண்டு போகும். விரல் பட்டாலே வெள்ளைப் பொடி ஒட்டுவது அதனால்தான். அலையில் விழாமல் மிச்சம் நின்றதை உப்பு இப்படித் தின்றுகொண்டிருக்கிறது. ஆகவே சுவரில் சாயவேண்டாம், வளைவின் கீழ் கூட்டமாக நின்று படம் எடுக்கவேண்டாம். கீழே கிடக்கும் கல்லைப் பையில் போடவும் வேண்டாம். பவளம் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது. எட்டிலிருந்து ஒன்பதரை வரை சாய்வெயிலில் இந்தக் கண்கள் நன்றாகத் தெரியும். பத்தரைக்குமேல் மணலில் செருப்பில்லாமல் நடக்க முடியாது.

இங்கே ஊற்று எங்கே என்றும் கேட்டுப் பாருங்கள். மணலில் மூன்று நாலு அடியில் நல்ல தண்ணீர் வரும். மழைநீர் உப்புநீரைவிட லேசு, மேலே மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினாலோ அவசரமாக இறைத்தாலோ உப்புத்தான் ஏறும். அதனால்தான் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக முகக்கிறார்கள். குடிக்கிற ஊற்று அது, கால் கழுவாதீர்கள்.

முனை அங்கிருந்து நாலரை கி.மீ. வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல் என்பார்கள். பெயரை நம்பி இறங்கவேண்டாம், வாடைக்காற்றில் வடக்கும் சீறும். இரண்டும் சேரும் இடத்தில் இழுப்பு அதிகம், கணுக்காலோடு நிற்பதே சரி. சிலருக்குப் போனில் இலங்கை நெட்வொர்க் வந்துவிடும், ரோமிங்கை அணைத்துவையுங்கள்.

பதினொன்றரைக்குக் கொட்டகையில் காற்று மறைவான பக்கமாக உட்காருங்கள், இல்லாவிட்டால் குழம்பில் மணல். பொரித்ததில் தடித்த துண்டை முதலில் பிட்டு, நடுமுள்ளைப் பாருங்கள். காற்றில் அடுப்புத் தீ ஒரு பக்கமாகச் சாய்வதால் பொரிக்கும் கல்லின் மறுபக்கம் ஆறிப்போய், அங்கே கிடந்த துண்டுகள் முள்ளோரம் சிவப்பாகவே நிற்கும். "யக்கா, இன்னொரு தரம் போட்டுருங்க" என்றால் முகம் சுளிக்காமல் வாங்கிப் போடுவார்கள். குழம்பை இரண்டாம் சோற்றுக்கும் கேட்கலாம்.

இருட்டுமுன் வண்டிகளை வெளியேற்றிவிடுவார்கள். பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் நிறுத்தி வேடிக்கை பார்ப்பது மற்றவர்களுக்குத் தொந்தரவு. ஊர் சேர்ந்ததும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவுங்கள், மறுநாளுக்குத் தள்ளவேண்டாம்.