போய்ப் பார்த்துவிட்டு வா: பெட்டாங்க் தேர்வில் ஆறாவதாக வந்த கதை

செவ்வாய்க்கிழமை இரவு பத்தேகாலுக்கு வாட்ஸ்அப்பில் பெட்டாங்க் அணிக்குத் தேர்வானவர்கள் பட்டியல் வந்தது. (பெட்டாங்க் தெரியாதவர்களுக்கு: வட்டத்துக்குள் நின்று இரும்புக் குண்டை ஜாக் என்கிற சின்னப் பந்துக்கு நெருக்கமாகப் போடும் ஆட்டம். எதிரணியின் மிக நெருக்கமான குண்டைவிட உள்ளே இருக்கும் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு புள்ளி, முதலில் 13 எடுப்பவர் ஜெயிப்பார்.) ஆறு பெயர், அதில் ஆறாவது நான். பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு மூன்று தடவை படித்துப் பார்த்தேன். உள்ளே போய் அப்பாவை எழுப்பிச் சொன்னேன். "ஆறு பேர்தானே எடுப்பாங்க?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

போன வருடப் பட்டியலில் நான் இல்லை. அந்தக் கசப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை, அதனால் இதில் அங்கங்கே அது எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ஷூட்டிங் சோதனை, அதாவது கிடக்கிற குண்டை நம் குண்டால் அடித்து விரட்டுவது. ஞாயிற்றுக்கிழமை நான்கு ஜோடி கொண்ட குழுவில் டபுள்ஸ், இரண்டு தோல்வி என்றால் வீட்டுக்கு. இந்த ஏற்பாட்டை இதற்கு மேல் விளக்கப் போவதில்லை. நான் சொல்ல வந்தது பெரும்பாலும் ஒரே விஷயம்தான். குண்டு போடும் முன் ஜாக் வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒவ்வொரு குண்டுக்கும்.

சிரிக்காதீர்கள். போன வருடம் என்னை வெளியே தள்ளியது இதுதான்.

கடைசி ஆட்டம், 12–9 என்று நாங்கள் முன்னால் இருந்தோம். எதிரணி ஆறு குண்டையும் போட்டு முடித்தாகிவிட்டது. என் ஜோடி ஒரு மலாய் அக்கா, நான் காக் என்றுதான் கூப்பிடுவேன். அவர் கையும் காலி. என் கையில் மட்டும் இரண்டு குண்டு. ஒரே ஒரு புள்ளி எடுத்தால் முடிந்தது. ஜாக்கிலிருந்து 40 சென்டிமீட்டர் போல அவர்களுடைய குண்டு ஒன்று இருந்தது. வட்டத்திலிருந்து பார்க்க அது ஒன்றுதான் கண்ணில் பட்டது. அதற்கு முந்தைய குண்டில்தான், குண்டு தரையைத் தொடும் முன் கால் தூக்கினேன் என்று நடுவர் மஞ்சள் அட்டை காட்டியிருந்தார். தூக்கியிருப்பேன், அது என் பழைய வியாதி. ஆனால் அந்த நேரத்தில் அதை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. எதிரணியில் ஒருவர் உதட்டை மடித்துச் சிரித்த மாதிரி வேறு தெரிந்தது. அடித்துக் காட்டுகிறேன் பார் என்று ஷூட் அடித்தேன். குண்டு ஓர் அடி மேலாகப் பறந்தது. அடுத்ததை நடுங்குகிற கையோடு பாயிண்ட் போட்டேன், அதாவது ஜாக்குக்குப் பக்கத்தில் போய் நிற்கும்படி. ஜாக்கைத் தாண்டி இரண்டு மீட்டர் ஓடி நின்றது.

பிறகுதான் போய்ப் பார்த்தேன். அவர்களுடைய குண்டு ஒன்றல்ல, மூன்று. மற்ற இரண்டும் முன்னால் இருந்த எங்கள் குண்டுகளுக்குப் பின்னே மறைந்து கிடந்தன. அதாவது, நான் அடிக்க நினைத்ததைச் சரியாக அடித்திருந்தாலும் எங்களுக்குப் புள்ளி கிடைத்திருக்காது. என் குண்டு அடித்த இடத்திலேயே உட்கார்ந்து கரோ ஆனால் மட்டுமே உண்டு. 40 சென்டிமீட்டருக்குள் பாயிண்ட் போட இரண்டு வாய்ப்பு கையில் இருந்தது. மோசமான நாளில்கூட இரண்டில் ஒன்று எனக்கு விழும். 12–12. அடுத்த எண்டில் (சுற்றில்) அவர்கள் ஒன்று எடுத்தார்கள்.

சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் உட்லண்ட்ஸ் நிலையம் வரும்வரை அப்பா வாயே திறக்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஒரு வரி திட்டியிருந்தால்கூடத் தேவலை. படி இறங்கும்போது சொன்னார்: "எட்டு மீட்டர்தானேம்மா. போய் ஒரு தடவை பார்த்துட்டு வந்திருக்கலாமே."

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழங்கால் அறுவைசிகிச்சைக்குப் பிறகு எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் மைதானத்தில் மற்ற மூத்தோரோடு ஆட ஆரம்பித்தார். அவருக்குக் கோப்பி பிளாஸ்க் கொண்டுபோய்க் கொடுக்கப் போனவள்தான் நான். காலில் தெம்பில்லாத காலத்திலும், குண்டு போடும் முன் அவர் ஜாக் வரை மெதுவாக நடந்து போய்விட்டு வருவார். நானும் மற்றவர்களும் பொறுமையில்லாமல் பார்த்துக்கொண்டு நிற்போம். வயதானவர், காலுக்குப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, நடையின் கணக்கு. முந்தைய குண்டு நின்றதிலிருந்து உங்களுக்கு ஒரு நிமிடம். எட்டு மீட்டர் போய்வர எனக்கு 20 விநாடி போல ஆகிறது, நின்று பார்க்க இன்னொரு 15. மிச்சம் தாராளமாக இருக்கிறது. நேரக்கட்டுப்பாடு உள்ள ஆட்டத்தில் மட்டும், வேண்டுமென்றே இழுத்தடிக்கிறீர்கள் என்று யாரும் சொல்லாதபடி சுறுசுறுப்பாக நடங்கள்.

போகும்போது பார்க்க வேண்டியவை:

– அவர்கள் குண்டு எத்தனை உள்ளே, எங்கள் குண்டு எத்தனை உள்ளே.
– யார் கையில் எத்தனை பாக்கி. தெரியாவிட்டால் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.
– இருக்கிற குண்டில் ஒன்று போனால் அடுத்து நெருக்கமாக இருப்பது யாருடையது? இந்தக் கேள்வி ஒன்றுக்காகவே நடக்கலாம்.
– ஜாக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது? ஜாக் தள்ளப்பட்டால் எங்கே போகும்?

திரும்பி வரும்போது பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: குண்டு விழும் இடம்.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நம்மில் பெரும்பாலானோர் ஜாக்கைப் பார்த்துப் போடுகிறோம். ஜாக்கின் மேல் குண்டு விழப்போவதில்லை. தரையில் ஓர் இடத்தில் விழுந்து, அங்கிருந்துதான் ஓடப்போகிறது. நீங்கள் பார்க்க வேண்டியது அந்த இடத்தை. எங்கள் மைதானத்தில் காய்ந்த நாளில் எட்டு மீட்டர் ஜாக்குக்கு, பாதி உயரத்தில் போட்டால், நான் ஐந்தாவது மீட்டர் பக்கம் விழவைப்பேன். மழை பெய்த மறுநாள் அதே குண்டு ஆறரையில் விழ வேண்டும், இல்லாவிட்டால் போய்ச் சேராது. உங்கள் தரைக்கு உங்கள் கணக்கு. ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்க வேண்டும்.

இதற்கு என் பயிற்சிக் கருவி 'குட் மார்னிங்' என்று அச்சிட்ட ஒரு துண்டு. தேக்காவில் வாங்கியது, சிவப்பு எழுத்து பாதி அழிந்துவிட்டது. அதை நான்காக மடித்து விழும் இடத்தில் விரித்துவிடுவேன். ஜாக்கே கிடையாது. வேலை முடிந்து வந்து 60 குண்டு, வாரத்தில் நான்கு நாள். துண்டில் விழுந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழியம், பிறகு எங்கே ஓடுகிறது என்பது கணக்கில்லை. மார்ச் மாதம் 60க்கு 19. தேர்வுக்கு முந்தைய வாரம் 41. மற்றவர்கள் பக்கத்தில் ஜாலியாக ஆடிக்கொண்டிருக்கும்போது தனியாகத் துண்டைக் குறிவைத்துக்கொண்டிருப்பது போரடிக்கும் வேலைதான். ஒரு பாட்டி வந்து, துண்டு காய வேண்டுமானால் கம்பியில் போடு என்று அறிவுரைகூடச் சொல்லிவிட்டுப் போனார்.

கை விஷயத்தில் மாற்றியவை சில:

– 74 மில்லிமீட்டர் குண்டை விட்டு 72க்கு வந்தேன். என் கை சின்னது. நான்கு வருடம் பெரிய குண்டை நகத்தால் பிடித்து விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கடையில் நல்லது என்று சொன்னதை வாங்காதீர்கள், கையை வைத்துப் பார்த்து வாங்குங்கள்.
– கட்டைவிரல் பிடியில் சேராது. சேர்ந்தால் குண்டு பக்கவாட்டில் திரும்பும்.
– உள்ளங்கை கீழ் நோக்கி. விடும்போது விரல் நுனியில் பின்சுழற்சி கிடைக்க வேண்டும்.
– கால். இரண்டு பாதமும் தரையில். பாயிண்ட் போடும்போது குந்திப் போடப் பழகினேன். குந்தியிருப்பவள் குதிக்க முடியாதே!

மஞ்சள் அட்டை இந்த வருடம் ஒன்றுகூட இல்லை.

அப்புறம், மனசு. இதில் நான் சொல்வது என்னைப் போன்ற முன்கோபிகளுக்கு. இயல்பிலேயே அமைதியானவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், உங்களுக்கு இது இடைஞ்சலாகக்கூட இருக்கும். மூச்சை இழுத்து நான்கு எண்ணு, விடும்போது நான்கு எண்ணு என்பதெல்லாம் எனக்கு வேலைக்கு ஆகவில்லை. எண்ணிக்கொண்டே கோபப்பட எனக்கு நன்றாக வரும். நடந்தால்தான் கோபம் இறங்குகிறது. போகும்போது எதிரணியை மனசுக்குள் நன்றாகத் திட்டிவிடுவேன், தாராளமாக. ஜாக்கைத் தொட்டுத் திரும்பியதும் திட்டுவதற்கு அனுமதி கிடையாது. திரும்பும் வழியில் விழும் இடத்தில் ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து அதற்குப் பெயர் வைப்பேன். கறுப்புக் கல், உடைந்த கல், மூக்குத்தி. வட்டத்துக்குள் காலை வைத்த பிறகு அந்தப் பெயர் மட்டும்தான் வாயில் முணுமுணுப்பாக. வேறு முடிவு எதுவும் வட்டத்துக்குள் எடுக்கக் கூடாது. ஷூட்டா பாயிண்டா என்று வட்டத்துக்குள் நின்று யோசித்தீர்கள் என்றால் வெளியே வந்து மறுபடி நடங்கள். நேரம் இல்லையென்றால் முதலில் எடுத்த முடிவையே போடுங்கள், தப்பாக இருந்தாலும் சரி.

காக்குக்கு இதெல்லாம் தேவையில்லை. அவர் "சபார்" (மலாயில் பொறுமை) என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போட்டுவிடுவார். பொறாமையாக இருக்கும்.

தேர்வு நாட்களுக்கு வருகிறேன். சனிக்கிழமை ஷூட்டிங்கில் 100க்கு 27. ஜாக்கை அடிக்கும் கடைசிப் பகுதியில் நான்கு தொலைவிலும் சுழியம். நடந்து பார்த்து எந்தப் பயனும் இல்லாத சோதனை இது, எல்லாம் அளந்து வைத்த இடத்தில்தான் இருக்கும். என் வித்தை இங்கே செல்லாது, ஒப்புக்கொள்கிறேன். ஷூட்டிங் ஆர்வலர்கள் வேறு யாரையாவது கேளுங்கள்.

ஞாயிறு முதல் ஆட்டம் 5–13 தோல்வி. இரண்டாவது 13–8. மூன்றாவது ஆட்டம் வாழ்வா சாவா. 11–11 இருக்கும்போது மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. எல்லோரும் கூரைக்குக் கீழே ஓடினோம். முக்கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தது. எதிரணி இரண்டு பேரும் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று.

மறுபடி ஆரம்பித்த எண்டில் ஜாக் ஏழு மீட்டர் போல. எதிரணியின் முதல் மூன்று குண்டும் ஈர மண்ணில் விழுந்து அப்படியே புதைந்த மாதிரி நின்றுவிட்டன. பிறகு உயரமாகத் தூக்கிப் போட்டு ஒன்றை 30 சென்டிமீட்டரில் உட்காரவைத்தார்கள், மீதி இரண்டும் வீண். எங்கள் பக்கம் காக் கையில் ஒன்று, என் கையில் ஒன்று. என் மனசு பாயிண்ட், பாயிண்ட் என்றது. போன வருடத்துப் பயம். ஷூட் என்று நினைத்தாலே வயிறு கலங்கியது.

நடந்து போனேன். புள்ளி அவர்களுடையது, ஆனால் அதற்கு அடுத்து நெருக்கமாக இருந்தவை இரண்டும் எங்களுடையவை. பாயிண்ட் போட்டு உள்ளே சேர்த்தால் ஒன்று கிடைக்கும், 12. இரண்டு வேண்டுமென்றால் நானும் காக்கும் இரண்டையுமே உள்ளே சேர்க்க வேண்டும், அதுவும் அந்தச் சேற்றில். அவர்கள் குண்டை அப்புறப்படுத்திவிட்டால் கிடக்கிற எங்கள் இரண்டுமே புள்ளி, 13. நான் தவறவிட்டாலும் காக் கையில் ஒன்று இருக்கிறது. போன வருடம் ஷூட் முட்டாள்தனம், இந்த வருடம் ஷூட் தவிர வேறு வழியே கிடையாது. வட்டத்திலிருந்து பார்த்திருந்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்திருக்கும்.

முன்னால் ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர். தரையில் பட்டுப் போய் அடிக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம், நேரே இரும்பில் இறங்க வேண்டும். கல்லுக்குப் பெயர் வைக்க வழியில்லை, அதனால் அந்தக் குண்டுக்கே பெயர் வைத்தேன். என்ன பெயர் என்று இங்கே எழுத முடியாது. 'டக்' என்று சத்தம் கேட்டது. என் குண்டும் அதோடு சேர்ந்து பின்னால் ஓடியது, பரவாயில்லை. காக் கையிலிருந்த குண்டைப் பைக்குள் போட்டுவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

துண்டு, உதிரி விஷயங்கள் எல்லாம் சேர்த்துச் சில வரி:

– ஈர நாளுக்கு இரண்டு துண்டு. ஒன்று கைக்கு, ஒன்று குண்டுக்கு. மண் ஒட்டிய குண்டு கையை விட்டு ஒழுங்காகப் போகாது.
– உங்களுக்கு முன் போட்ட குண்டு தோண்டிய ஒரு குழியை மூட உங்களுக்கு உரிமை உண்டு. மூடுங்கள். ஒன்றுதான், இரண்டாவதில் கை வைத்தால் வம்பு.
– காலை ஆட்டத்துக்கு முன் வயிறு முட்ட பிரியாணி வேண்டாம். அனுபவம்.
– ஜோடியோடு முந்தின இரவு சண்டை வேண்டாம். இதுவும் அனுபவம்.

அணிப் பயிற்சி அடுத்த மாதம் தொடங்குகிறது. ஆறு பேரில் ஆறாவது என்றால் பாதி நாள் பெஞ்சில்தான், தெரியும். அதற்குள் அந்த நான்கு சுழியத்தை ஏதாவது செய்ய வேண்டும். நேற்று மாலை துண்டை எடுத்து வைத்துவிட்டு ஏழு மீட்டரில் வெறும் ஜாக்கை வைத்து 50 ஷூட் அடித்தேன். மூன்று பட்டது. அப்பா பெஞ்சில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார், இரண்டுதான் என்கிறார்.