ஸ்டவர்ஹெட்டின் கல்பாலம்

இங்கிலாந்தின் வில்ட்ஷயரிலுள்ள ஸ்டவர்ஹெட் தோட்டத்திற்குள் ஸ்டவர்ட்டன் கிராமத்தின் பக்கமாக நுழைபவர்களின் கண்ணில் முதலில் படுவது, ஏரியின் ஓரத்தில் ஐந்து வளைவுகளோடு தாழ்வாக நிற்கும் கல்பாலமும், அதற்கு அப்பால் எதிர்க்கரையில் தெரியும் பாந்தியன் என்னும் குவிமாடக் கோயிலும்தான். படமெடுக்க வருபவர்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். இந்தப் பாலம் எதற்காகக் கட்டப்பட்டது என்பதை அறிய விரும்புபவர், ஏரியைச் சுற்றி நடந்துபோய் அந்தப் பாந்தியனின் வாசலிலிருந்து திரும்பிப் பார்க்க வேண்டும் என்பேன்.

லண்டனில் 1672இல் தொடங்கி இன்றும் இயங்கிவரும் ஹோர் வங்கியின் நிறுவனருக்குப் பேரனான இரண்டாம் ஹென்றி ஹோர், ஸ்டவர் ஆற்றின் ஊற்றுநீரை அணைகட்டித் தேக்கி இந்த ஏரியை உருவாக்கினார். இத்தாலியின் வீச்சென்சா நகரில் கட்டடக்கலைஞர் பல்லாடியோ அமைத்த பாலத்தைப் பின்பற்றியே இதைக் கட்டுவதாக 1762இல் தம் மகளுக்கு எழுதிய அவர், பாந்தியனில் நின்று பார்த்தால் வளைவுகளின் ஊடே நீர் தெரியும், ஆறு கிராமத்தின் வழியாக இறங்கி வருவதைப் போலவும் இது ஊர்மக்கள் புழங்கும் பாலம் போலவும் தோன்றும் என்று அதே கடிதத்தில் குறிப்பிட்டார். உண்மையில் பாலத்தின் கீழே இருப்பது ஏரியின் ஒரு சிறு கிளைதான். ஆறு அங்கே ஓடவில்லை.

பாந்தியனிலிருந்து நான் பார்த்தபோது அந்தக் கடிதத்தின் ஒவ்வொரு சொல்லும் பலித்திருப்பதை உணர்ந்தேன். பாலத்திற்குப் பின்னால் கிராமத்துத் தேவாலயமும், பிரிஸ்டல் நகரிலிருந்து பெயர்த்து வந்து நிறுத்திய பழைய கற்சிலுவைத் தூணும் ஒரே காட்சியாகச் சேர்ந்துகொள்கின்றன. தேவாலயம் ஹென்றி ஹோரின் காலத்திற்கு மிக முந்தியது. இருந்ததையும் புதிதாகச் சேர்த்ததையும் பிரித்தறிய முடியாதபடி பாலம் இணைத்துவிடுகிறது. இதைவிட அழகாகத் திட்டமிட்ட காட்சியை வேறெந்தத் தோட்டத்திலும் நான் கண்டதில்லை.

பாலத்தின் மேல்தளம் புல் வேய்ந்தது. இருபுறமும் கைப்பிடிச் சுவர் இருந்தாலும், நடக்கும்போது கரையே நீண்டு வந்ததைப் போன்ற உணர்வுதான் ஏற்படுகிறது. ஏரியின் மறுபுறம் அக்காலத்தில் இருந்த மரப்பாலத்தைப் பேரன் ரிச்சர்ட் கோல்ட் ஹோர் அகற்றிவிட்டார். கல்பாலத்தை அவர் விட்டுவைத்தது நம் நற்பேறு. முதல் உலகப் போரில் ஒரே மகனை இழந்த பிற்கால ஹோர் தம்பதியர், 1946இல் எஸ்டேட்டைப் பாரம்பரிய இடங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிற்கு வழங்கினர். கிராமத்துப் பாலம் போலத் தோன்றினால் போதும் என்று கட்டப்பட்ட பாலத்தின் மீது அதனால்தான் இன்று நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் நடக்க முடிகிறது.