எர்த் ராடு

கரண்ட் கம்பம் ஏறிச் சம்பளம் வாங்குகிறவன், கம்பத்தைக் கண்டாலே பயம் என்று வெளியே சொல்ல முடியுமா? ஏழு வருஷம் நான் சொல்லவில்லை. முட்டி வலி என்பேன். "நீ ஏறு கண்ணு, நான் கீழே பார்த்துக்கறேன்" என்று புதுப் பையன்களை ஏற்றிவிடுவேன். தப்பிக்க வழியில்லாத நாட்களில் இடுப்பில் கயிற்றைக் கட்டும்போதே உள்ளங்கை வேர்த்துவிடும்.

பயம் ஆரம்பித்த நாள் எனக்கு நன்றாகத் தெரியும். 2011, ஐப்பசி மழை. 11,000 வோல்ட் லைனில் இன்சுலேட்டர் மாற்றும் வேலை. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் மேலே, நான் கீழே. லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து பூட்டியாயிற்று, லைன் க்ளியரும், அதாவது வேலை தொடங்க அனுமதியும், வாங்கியாயிற்று. இதோடு கரண்ட் போய்விட்டது என்றுதான் வெளியாட்கள் நினைப்பார்கள். வருகிற பக்கத்தை அடைத்துவிட்டோம், சரி. போகிற பக்கம்? ஏதோ ஒரு மண்டபத்தில் ஜெனரேட்டர் கரண்ட்டை லைனுக்குள் போகவிடாமல் பிரித்துவைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் முறையாக இல்லாமல் ஜெனரேட்டரை மாட்டியிருந்தால், அந்த 415 வோல்ட் டிரான்ஸ்பார்மருக்குள் பின்வழியாக நுழைந்து, லைனில் 11,000 ஆக ஏறிவிடும். டிரான்ஸ்பார்மருக்கு எது முன்வாசல், எது பின்வாசல் என்று தெரியாது. அப்படி வருகிற கரண்ட்டை மண்ணுக்கு இறக்கிவிடத்தான் எர்த் ராடு. முதலில் ஒயரை மண்ணில் அடித்த கம்பியில் மாட்டி, அப்புறம் கொக்கியை லைனில் போடவேண்டும். வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும். கழற்றும்போது லைன் முதலில், மண் கடைசியில்.

அன்றைக்கு ராடு வண்டியில் கிடந்தது. வண்டி நூறடி தூரத்தில், நடுவில் முழங்கால் சேறு. "எல்லாம் பண்ணியாச்சா?" என்று மேலேயிருந்து அண்ணன் கேட்டார். "பண்ணியாச்சுங்ணா."

அவ்வளவுதான். எங்கோ ஒரு ஜெனரேட்டரை யாரோ ஸ்டார்ட் செய்தார்கள். மொத்த லைனின் பாரத்தையும் தாங்காமல் அது அந்த நொடியே அணைந்தும் போனது; அதனால்தான் அண்ணன் பிழைத்தார். வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

அதற்கப்புறம் எனக்குப் பக்தி முற்றிவிட்டது. கருப்பராயன் கோயிலில் நிற்காமல் வேலைக்குப் போனதில்லை. சட்டைப் பையில் விபூதிப் பொட்டலம். "என்னைக் காப்பாத்து சாமி" என்று கும்பிடுவேன், நாலாவது அடி ஏறுவதற்குள் கால் நடுங்கும். ராடும் ஒழுங்காகத்தான் மாட்டினேன், டெஸ்டரும் வைத்துப் பார்த்தேன். ஆனாலும் நடுக்கம் போகவில்லை. சாமிக்குக் காது கேட்கவில்லையோ என்றுகூட நினைத்ததுண்டு.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியது. எங்களைப் போல வெளிமாவட்டத்து ஆட்களை வேதாரண்யம் பக்கம் அனுப்பினார்கள். தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. வயலில் இடுப்பளவு தண்ணீரில் கம்பத்தைத் தோளில் சுமந்துபோய் நட்டோம். அங்கே என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஜெனரேட்டர் சத்தம். குடிதண்ணீர் டேங்குக்கு ஏற்ற ஊருக்கு ஊர் வாடகைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இரவெல்லாம் டுபுடுபு என்று கேட்கும், ஒவ்வொன்றும் என் லைனுக்குள்தான் வருகிறது என்று தோன்றும்.

மூன்றாவது இரவு எழுந்து வெளியே வந்தேன். பக்கத்தில் ஓர் அய்யனார் கோயில். கூரை பறந்துவிட்டிருந்தது, சாமி மேல் தென்னை ஓலை கிடந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்தேன். வழக்கம்போல "என்னைக் காப்பாத்து" என்று ஆரம்பித்தவன், பாதியில் நின்றேன். அடிபட்டவன் நானா? என் மேல் ஒரு கீறல்கூட இல்லையே. ஏழு வருஷமாக எனக்காக மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அண்ணன் பெயரை ஒருமுறைகூடச் சாமி முன்னால் எடுத்ததில்லை. எடுத்தால் அந்த 'பண்ணியாச்சுங்ணா'வையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நான் பயந்தது கரண்ட்டுக்கு இல்லை. கம்பத்தடியில் நின்று பொய் சொன்ன என் வாய்க்கு. மேலே ஏறும்போதெல்லாம் கீழே நிற்கிறவன் என்னைப் போன்றவனாக இருந்தால்?

அன்றைக்கு வாய்விட்டுச் சொன்னேன். முன்பின் தெரியாத ஊர் சாமி, கேட்க வேறு ஆள் இல்லை. அழுதேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

விடிந்ததும் இரண்டு பக்கமும் நானே ராடு மாட்டினேன். கூட வந்த பையனைக் கூப்பிட்டு, "நீயும் வந்து பார்த்துட்டுச் சொல்லு கண்ணு" என்றேன். ஏறினேன். பயம் இருந்தது, கால் நடுங்கவில்லை. விபூதியை இப்போதும் பையில் வைத்திருக்கிறேன். ராடு மாட்டிய பிறகுதான் எடுத்துப் பூசுவது.

ஊருக்குத் திரும்பிய வாரமே அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவரை எப்போதோ உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். நான் சொல்லி முடிக்கும் வரை டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மூன்று விரலால் முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"ராடு தொங்குதான்னு நானும்தான் கண்ணு திரும்பிப் பார்க்கல" என்றார். "டீ ஆறுது பாரு."