சிரிக்கத் தடை, ஆறு வாரம்

சிசேரியன் முடிந்த மறுநாள் காலை. கட்டிலின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தித் தரச் சொன்னாள் மனைவி. இவ்வளவுதானே என்று பொத்தானை அழுத்தினேன். தலை இருந்த இடத்திலேயே இருந்தது. கால்கள் மெல்ல மேலே எழும்பின. பதறிப்போய் அடுத்த பொத்தானை அழுத்த, கட்டில் மொத்தமாகவே உயரத் தொடங்கியது. "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று நான் கட்டிலுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் சிரித்துவிட்டாள். அடுத்த நொடி "அம்மா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்ததால் மறுபடி அழுதாள்.

ஓடி வந்த நர்ஸ் முதலில் கட்டிலைக் காப்பாற்றினார். அப்புறம் ஒரு தலையணையை எடுத்து அவள் வயிற்றின் மேல் வைத்தார். சிரிப்பு, இருமல், தும்மல் எது வந்தாலும் இதைத் தையல் மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். வெளியே பார்த்தால் ஒரு கோடுதான். உள்ளே தோலில் தொடங்கிக் கருப்பை வரை அடுக்கடுக்காக வெட்டித் தைத்திருக்கிறார்கள். வயிறு குலுங்கினால் அத்தனை அடுக்கும் சேர்ந்து கூச்சல் போடும். இதையெல்லாம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "சார், ஒரு ஆறு வாரத்துக்கு நீங்க காமெடி பண்ணாம இருங்க."

கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஜோக்குகளுக்கு அவள் சிரித்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். பாவம், நர்ஸுக்கு அது தெரியாது.

சரி, சீரியஸாக இருப்போம் என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்த முதல் நாள், செய்தி வாசிப்பவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, "மாத்திரை நேரம். தண்ணீர் தயார்" என்றேன். அவள் தலையணையைத் தேடினாள். "பேசாம போயிடுங்க, ப்ளீஸ்." முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். "அதுதான் இன்னும் மோசம்" என்றாள். இதற்கு மேல் மாற்றுவதற்கு என்னிடம் வேறு முகம் இல்லை.

எழுப்பி உட்கார வைப்பதிலும் எனக்கு ஒரு பாடம் காத்திருந்தது. முதல் தடவை, கிணற்றில் வாளி இழுப்பது போல இரண்டு கையையும் பிடித்து நேராக இழுத்தேன். அப்போது அவள் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. நேராக எழுந்தால் முழுப் பாரமும் வயிற்றுத் தசைக்குத்தான் போகும். பக்கவாட்டில் புரண்டு, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழ வேண்டும். முதுகுக்குப் பின்னால் கை கொடுப்பதோடு நம் வேலை முடிந்தது. குழந்தையைவிடக் கனமான எதையும் அவள் தூக்கக்கூடாது, ஆறாவது வாரப் பரிசோதனை வரை வண்டி ஓட்டக்கூடாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். வண்டிச் சாவியை என்னிடம் கொடுத்தபோது அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. என் ஓட்டும் லட்சணம் அவளுக்குத் தெரியும்.

எனக்கு எதையும் அட்டவணை போட்டால்தான் நிம்மதி. பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும் என்றார்கள். உடனே கட்டம் போட்டேன். வலி மாத்திரையை வலி ஏறிய பிறகு போடாமல் நேரத்துக்குப் போட வேண்டும் என்றார்கள். உடனே அலாரம் வைத்தேன். முதல் இரவு இரண்டு மணிக்கு, ஒன்றரை மணி நேரம் தோளில் போட்டுத் தட்டித் தட்டிக் குழந்தை தூங்கிய நான்காவது நிமிடத்தில் அந்த அலாரம் அடித்தது. இருட்டில் போனைத் தேடி எடுப்பதற்குள் குழந்தை, மனைவி, பக்கத்து அறையில் மாமியார் என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள். என் அலாரச் சத்தம் சேவல் கூவல். மாமியார் விடிந்துவிட்டது என்று நினைத்துப் பல் தேய்க்கவே போய்விட்டார்.

நாப்கின் வாங்கிய கதையும் உண்டு. பிரசவத்துக்குப் பிறகான உதிரப்போக்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை இருக்கும், சிசேரியன் ஆனாலும் இருக்கும். நான் மெல்லியதாக, அழகான உறையில் இருந்ததாகப் பார்த்து வாங்கி வந்தேன். அவள் பிரித்துப் பார்த்துவிட்டு, "வெள்ளத்துக்கு அணை கட்டச் சொன்னா வேட்டியை விரிச்சுட்டு வந்திருக்கீங்க" என்றாள். இந்த ஜோக்கை அவளே சொன்னாள், அவளே சிரித்தாள், வலித்தது. பழி மட்டும் என் மேல்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, பால் கொடுக்க உட்கார்ந்தவள் முகத்தைச் சுளித்து அடிவயிற்றைப் பிடித்தாள். "அதே வலிங்க. பிரசவ வலி மாதிரியே இருக்கு." நான் யோசிக்கவே இல்லை. ஆஸ்பத்திரிப் பையைத் தோளில் மாட்டி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, "உள்ளே இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டேன். அன்று தலையணை போதவில்லை, மாமியாரும் சேர்ந்து பிடிக்க வேண்டியதாயிற்று. குழந்தை சப்பும்போது உடலில் ஆக்ஸிடாசின் சுரக்கும். அது பாலை இறக்கிவிடுவதோடு கருப்பையையும் சுருக்கும். பிரசவம் ஆனவுடன் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும் கருப்பை, ஆறு வாரத்தில் 60, 70 கிராமுக்கு வந்துவிடுகிறது. அந்தச் சுருக்கம்தான் வலி. பார்க்க வருபவர்கள் "வயிறு இன்னும் வத்தலையே" என்று கேட்கும்போது இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நாக்கு துடிக்கும்.

பார்க்க வருபவர்களை வாசலிலேயே நிறுத்துவதுதான் அந்த ஆறு வாரத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை என்று இன்றுவரை மாமியார் சொல்கிறார்.

"தூங்குறா."

"குழந்தையா?"

"ரெண்டு பேரும்."

சில சமயம் இரண்டு பேருமே விழித்துத்தான் இருப்பார்கள். பொய்தான், பரவாயில்லை.

நான்காம் நாள் அழுகை வந்தது. குழந்தையின் நகம் சின்னதாக இருக்கிறது என்று அழுதாள். சின்னக் குழந்தைக்குச் சின்ன நகம்தானே இருக்கும் என்றேன். அதற்கு இன்னும் அழுதாள். நான் துண்டை மடித்து வைத்த விதத்துக்கு ஓர் அழுகை. மடித்ததே பெரிய விஷயம் என்று நினைத்து இன்னொன்று. எனக்குக் கைகால் ஓடவில்லை. கழிப்பறையில் உட்கார்ந்து போனில் படித்தேன். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும், கர்ப்பம் முழுக்க ஏறிக்கொண்டே இருந்த ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சில நாட்களுக்குள் சரேலென்று இறங்கிவிடுகின்றன. தூக்கமும் இல்லை, உடம்பும் ரணம். பெரும்பாலான தாய்மார்களுக்கு முதல் வாரத்தில் இந்த அழுகை வருமாம், இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடுமாம். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த மாணவனைப் போல ஓடிவந்து, "இது ஒண்ணும் இல்ல, ஹார்மோன்தான்" என்றேன்.

அழுகை நின்றது. நின்ற விதம் சரியில்லை.

"அப்போ எனக்கு வருத்தமே இல்ல, ஹார்மோனுக்குத்தான் வருத்தமா?"

நான் படித்த பக்கத்தில் இதற்குப் பதில் இல்லை. பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் அவளுக்குத் தொண்டை வறளும், தண்ணீர் பாட்டில் எப்போதும் கைக்கு ஒரு சாண் தள்ளியே இருக்கும். அன்றிலிருந்து அந்த ஒரு சாண் என் பொறுப்பு. அட்டவணையைக் கிழித்துப் போட்டேன். அவள் உட்காரும் மூன்று இடங்களிலும் மூன்று பாட்டில் வைத்தேன். நடு இரவில் கழற்றிய டயபரை வாங்கிக்கொண்டு போவது, ஏப்பம் வரும் வரை தோளில் போட்டு நடப்பது, இவையும் என் கணக்கில் வந்து சேர்ந்தன. யோசனை சொல்வதைக் குறைத்தேன். நிறுத்திவிட்டேன் என்று சொன்னால் அவள் சாட்சிக்கு வந்துவிடுவாள்.

ஒரே ஒரு தாளை மட்டும் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து எடுக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், காய்ச்சல் 38 டிகிரி சென்டிகிரேடைத் தொட்டால், ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால், மண்டை பிளக்கும் தலைவலியோடு கண் மங்கினால், நெஞ்சு வலித்தால், மூச்சு திணறினால், தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்தால், யாரையும் கேட்காமல் உடனே ஆஸ்பத்திரி. அந்தத் தாளில் நான் ஜோக் எதுவும் எழுதவில்லை.

இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றும் படித்திருந்தேன். அதனால் காலண்டரில் யாருக்கும் தெரியாமல் குறித்துக்கொண்டு வந்தேன். அழுத நாளுக்கு ஓர் "அ". பன்னிரண்டாம் நாள் அவள் காலண்டர் முன்னால் நின்றுகொண்டு, "இது என்ன, அரிச்சுவடியா?" என்றாள். உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், பேனாவை வாங்கி ஒன்பதாம் தேதியில் இன்னொரு "அ" போட்டாள். "இது நீங்க. பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதா கேக்காதுன்னு நெனச்சீங்களா?"

அதற்கப்புறம் "அ" குறைந்துகொண்டே வந்தது. மூன்றாவது வாரத்தில் ஒன்றுகூட இல்லை. தையலும் ஆறிக்கொண்டு வந்தது. முதலில் வீட்டுக்குள், பிறகு வாசல் வரை, பிறகு தெருமுனை வரை நடந்தாள். தும்மலுக்கு மட்டும் தலையணை என்ற நிலைமைக்கு வந்தோம்.

ஆறாவது வாரப் பரிசோதனைக்குப் போனோம். காத்திருக்கும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். 1987-இல் வெளியான எடின்பரோ அளவுகோல் என்று பெயர். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். மொத்தம் 30-க்கு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு மனச்சோர்வைப் பற்றி டாக்டர் கவலைப்பட வேண்டும். மனைவி முதல் கேள்வியைப் படித்துவிட்டுப் படிவத்தை என் பக்கம் திருப்பினாள். கடந்த ஏழு நாட்களில் உங்களால் சிரிக்க முடிந்ததா, வேடிக்கையானவற்றை ரசிக்க முடிந்ததா என்று கேட்டிருந்தது.

"சிரிக்கக் கூடாதுன்னு இவங்களே சொல்லிட்டு, இவங்களே கேக்கறாங்க பாருங்க."

எப்போதும் போல முடிந்தது என்ற கட்டத்தில் டிக் போட்டாள். மற்ற கேள்விகளையும் மளமளவென்று முடித்தாள். தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்ற பத்தாவது கேள்விக்கு அவள் பேனா ஒருபோதும் இல்லை என்ற கட்டத்துக்குப் போய்ச் சேரும் வரை நான் மூச்சு விடவில்லை. அதை அவளும் பார்த்தாள். நர்ஸிடம் இன்னொரு படிவம் கேட்டு வாங்கி என் மடியில் வைத்தாள். "நீங்களும் போடுங்க."

போட்டேன். கூட்டிப் பார்த்தோம். அவளுக்கு நான்கு. எனக்கு ஒன்பது. டாக்டர் என்னிடம் சிரித்துக்கொண்டே தூக்கத்தைப் பற்றி விசாரித்தார், அப்புறம் சிரிக்காமலும் விசாரித்தார். இரண்டு வாரம் கழித்து என்னை ஒருமுறை வந்து பார்க்கச் சொன்னார். அவளிடம், தையல் நன்றாக ஆறிவிட்டது, இனி வண்டி ஓட்டலாம் என்றார்.

வெளியே வந்ததும் அவள் கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். பின் சீட்டில் குழந்தைக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, முன் சீட்டில் கிடந்த தலையணையை எடுத்துப் பின்னால் தூக்கிப் போட்டாள்.

"பிடிச்சுக்கோங்க."