கல்வெட்டுப் படியெடுக்க அனுமதி வாங்கிய கதை

கீழடி, பொற்பனைக்கோட்டை என்று அகழாய்வுச் செய்தி வரும்போதெல்லாம் 'நாமும் போய் ஏதாவது செய்யலாமே' என்று தோன்றும். எனக்கும் அப்படித் தோன்றித்தான் ஓர் அகழாய்வு இடத்துக்குப் போய், "சம்பளம் எதுவும் வேண்டாம், பானை ஓடு கழுவித் தருகிறேன்" என்று கேட்டேன். அன்பாகச் சுற்றிக் காட்டினார்கள். ஆனால் குழிக்குள் இறங்குவது ஆய்வாளர்கள், கூலிக்கு வரும் ஊர்க்காரர்கள், கல்லூரிக் கடிதத்தோடு வரும் மாணவர்கள் மட்டும்தான். அது நியாயம் என்றே நினைக்கிறேன். ஒரு மண்ணடுக்கைத் தோண்டி எடுத்துவிட்டால் திரும்ப அதே இடத்தில் வைக்க யாராலும் முடியாது.

நம்மைப் போன்றவர்களுக்குத் திறந்திருக்கும் கதவு கல்வெட்டு. நான் இருப்பது புதுக்கோட்டைப் பக்கம், இங்கே கல்வெட்டுக்குப் பஞ்சமில்லை. கல்வெட்டு வாசிக்கச் சொல்லித்தர தன்னார்வலர்கள் நடத்தும் வார இறுதி வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். வகுப்பில் எந்தச் சிரமமும் இல்லை. மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் புகழும் பகுதி, அதன் முதலடிகளை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள், பாதி வேலை முடிந்த மாதிரி. 'திருமகள் போல' என்றால் முதலாம் ராஜராஜன், 'திருமன்னி வளர' என்றால் முதலாம் ராஜேந்திரன், 'புகழ்மாது விளங்க' என்றால் முதலாம் குலோத்துங்கன். கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். இடம் பார்த்துப் படிக்கப் பழகிவிடும்.

சிக்கலெல்லாம் அதற்கப்புறம்தான். பயிற்சிக்காக ஒரு சின்ன சிவன் கோயிலைத் தேர்ந்தெடுத்தோம். அதிட்டானத்தில், அதாவது கருவறைச் சுவரைத் தாங்கும் அடிப்பீடத்தில், சோழர் கால எழுத்து. புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1929இல் வெளியிட்ட நூலில் தேடினோம், கல்வெட்டுத் துறை ஆண்டறிக்கைகளிலும் தேடினோம், கிடைக்கவில்லை. திருப்பணி வேறு தொடங்கப் போவதாகச் சொன்னார்கள். தளம் போடுகிறேன், பூசுகிறேன் என்று ஆரம்பித்தால் எத்தனை வரி மிஞ்சும் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பதற்றத்தில்தான், எழுத்தைக் காகிதத்தில் மையால் படியெடுக்க அனுமதி கேட்டு மனு எழுதினேன்.

கோயில் நிர்வாக அலுவலகத்தில் இருந்தவர் மனுவை முழுதாகப் படிக்கக்கூட இல்லை. "கல்வெட்டா? தொல்லியல்ல போய்க் கேளுங்க மேடம்." அங்கே போனால், "அது எங்க பட்டியல்ல இல்லையேம்மா, கோயில்லதான் கேக்கணும்." திரும்ப வந்தால் முதலாமவர் விடுப்பு. அடுத்து இருந்தவர், "எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, சொல்றோம்" என்றார். சொல்லவே இல்லை. பிறகு போய்க் கேட்டபோது அப்படியொரு மனுவே வரவில்லை என்றார்கள்.

அதனால் முதலில் கோயில் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். வாசலில் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்று பலகை இருக்கும். நடுவண் அரசின் தொல்லியல் துறை என்றால் அவர்களிடம் கேட்க வேண்டும், மாநிலத் தொல்லியல் துறை என்றால் அந்தத் துறையிடம். பலகையே இல்லாமல் அறநிலையத் துறைக் கோயிலாக இருந்தால் செயல் அலுவலரோ தக்காரோ (அறங்காவலர் இல்லாதபோது பொறுப்பில் இருப்பவர்)தான் கையெழுத்துப் போட வேண்டும். வயலில் நிற்கும் கல்லுக்கு நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும். மனுவை இரண்டு நகலாகக் கொண்டுபோய், ஒன்றில் சீலும் தேதியும் வாங்காமல் அந்த அலுவலகத்தை விட்டு நகராதீர்கள். தர மறுத்தால், போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். எனக்கு வேலை நடந்தது தபாலுக்குப் பிறகுதான்.

ஒருவழியாக அனுமதிக் கடிதம் வந்தது. காகிதக் கட்டு, மை, பிரஷ், வாளி எல்லாம் தூக்கிக்கொண்டு, வகுப்பு ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போனோம். காவலாளி கடிதத்தை வாங்கி அலுவலகத்தில் காட்டினார். 'புகைப்படம் எடுக்க அனுமதிக்கப்படுகிறது' என்று இருந்தது. நான் மனுவில் எழுதியிருந்தது 'மைப்படி எடுக்க'. தட்டச்சு செய்தவர் மாற்றிவிட்டார், கையெழுத்தும் ஆகிவிட்டது. "போட்டோ எடுத்துக்கங்கம்மா, மை எல்லாம் கூடாது" என்று முடித்துவிட்டார்கள். எழுபதைத் தாண்டிய ஆசிரியர் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பினார். இன்னமும் எனக்கு ஆறவில்லை.

அடுத்த முறை செயல் அலுவலரை நேரில் பார்த்தேன். கல்லில் மை பூசிவிடுவோம் என்றுதான் அவர் பயந்திருக்கிறார். வகுப்பில் எடுத்த ஒரு பழைய படியை மேஜை மேல் விரித்தேன். கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷால் அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்குவோம், மை படுவது காகிதத்தின் வெளிப்பக்கத்தில் மட்டும் என்று காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அங்கேயே கடிதத்தைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். மாதிரிப் படி ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். நூறு வார்த்தை பேசுவதைவிட அது பெரிய உதவி.

குருக்களுக்கு மட்டும் கடிதத்தின் நகல் தனியாகக் கொடுங்கள். சாவி அவரிடம்தான். உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தும்போது உள்ளே இருக்கலாமா என்பதை முந்தின நாளே பேசி வைத்துவிடுங்கள்.

படியெடுத்த அன்று காற்று இல்லை, வேலை சீராகப் போனது. கருப்புக் காகிதத்தில் வெள்ளை எழுத்தாக வரி வரியாக எழும்பி வந்ததைப் பார்த்தபோது பட்ட பாடெல்லாம் மறந்துபோனது. அணையாமல் எரியும் நொந்தா விளக்கு ஒன்றுக்காக 'சாவா மூவாப் பேராடு தொண்ணூறு', அதாவது எண்ணிக்கை குறையாமல் பேண வேண்டிய தொண்ணூறு ஆடுகள், கொடுத்த செய்தி. ஆசிரியர் வாய் திறக்காமல் என்னையே படிக்க விட்டார். யார் கொடுத்தது என்பது கடைசி வரியில் இருக்க வேண்டும். அந்த வரி சிமெண்ட் தளத்துக்குள் போய்விட்டது. முன்பு எப்போதோ உயர்த்திப் போட்ட தளம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து தெரியவில்லை என்று மைதா மாவு, சாக்பீஸ், எண்ணெய் எதையும் தேய்க்காதீர்கள். இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தாலே எழுத்து எழுந்து நிற்கும். பானை ஓடோ காசோ கண்ணில் பட்டால் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். இருந்த இடத்திலேயே படம் எடுத்துவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். மண்ணுக்குள் கிடைக்கும் புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

வாசிப்பை ஆசிரியர் சரிபார்த்துவிட்டார். புதிய கல்வெட்டுகளை வெளியிடும் 'ஆவணம்' இதழுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். தமிழகத் தொல்லியல் கழகம் கொண்டுவரும் இதழ் அது, நம்மைப் போன்றவர்கள் கண்டெடுத்தவையும் அதில் வருகின்றன. திருப்பணியின்போது அந்தத் தளத்தை ஒரு முழம் மட்டும் பெயர்த்துத் தரச் சொல்லிப் புது மனு போட்டிருக்கிறேன். மனுவின் என் நகலில் சீல் வாங்கிவிட்டேன்.